மடக்குக் கத்திக்குப் புதுப் பிடி, புது அலகு



கவ்வாத்துக் கத்திக்கும் மண்வெட்டிக்கும் பிடி போடுவது நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டிய வேலையல்ல. பிடி கழன்றால் அன்று பின்னேரமே கொய்யாக் கொம்பு ஒன்றைச் செதுக்கி இறக்கிவிடுவார்கள். மடக்குக் கத்தி என்று வந்தால்தான் கதை வேறாகிவிடுகிறது. பிடி வெடித்தால் ரப்பர் நாடாவைச் சுற்றி வைத்துக்கொள்கிறோம். அலகு தேய்ந்து ஈர்க்குப் போல ஆனால் லாச்சிக்குள் போட்டுவிடுகிறோம். அங்கிருந்து அதைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மடக்குக் கத்தி இல்லாத வீடு குறைவு. நர்சரியில் தேயிலைத் துண்டு வெட்டுகிறவர்களிடம் ஒன்று இருக்கும். தாத்தாவின் வெற்றிலைப் பையில் பாக்குக்கு ஒன்று இருக்கும். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை கொண்டுவந்த சிவப்புக் கத்தி கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். இந்தக் கத்திகளை வைத்துக்கொண்டு இளம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்வி. "ஐயா, இதுக்கு வேற பிடி போட ஏலுமா? அலகை மாத்தி வேற ஒண்ணு போட்டா என்ன?"

முதல் கேள்விக்குப் பதில் ஒரு சொல்லில் முடியும்: தாராளமாகப் போடலாம். இரண்டாவதற்குப் பதில் நீளம். பிடி பார்வைக்கு, அலகு வேலைக்கு. உங்கள் விரலைக் காப்பாற்றுவதோ இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற சின்ன அச்சாணியும் அதற்குப் பின்னால் உள்ள வில்லும்தான். அச்சாணி ஆடுகிற கத்தி வேலை நடுவில் மடங்கும். மடங்கினால் விழுவது ஆள்காட்டி விரலின் மேல். கொழுந்து எடுக்கிற கையில் பேர் போடுகிற விரலே அதுதான். ஆகவே இந்தப் பாடத்தை அச்சாணியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கத்திக்குள் என்ன இருக்கிறது

சாதாரண மடக்குக் கத்தியைப் பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கு அடுக்காகத் தெரியும். வெளியே இரண்டு பக்கமும் பிடிப் பலகை. அதற்கு உள்ளே மெல்லிய பித்தளைத் தகடு இரண்டு. தகடுகளுக்கு நடுவே முன்பக்கம் அலகு, முதுகுப் பக்கம் ஒரு எஃகு வில். இந்த வில்லின் நுனி அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று சத்தம் வருகிறது. எல்லாவற்றையும் மூன்று அல்லது நான்கு ஆணிகள் கோத்திருக்கும். அலகு சுழலுகிற ஆணிதான் அச்சாணி.

அலகின் அடிப்பாகத்தை உற்றுப் பாருங்கள். வட்டமாக இருக்காது, சதுரம் போலத் தட்டை தட்டையாகத் தேய்த்திருப்பார்கள். ஒரு தட்டை திறந்த நிலைக்கு, இன்னொன்று மூடிய நிலைக்கு. வாய்ப்பக்கம் ஒரு சிறு புடைப்பும் இருக்கும். கத்தியை மூடும்போது கூர் உள்ளே போய் வில்லில் இடித்து மழுங்காமல் அந்தப் புடைப்புத்தான் தடுத்து நிறுத்துகிறது. இதை அறியாமல் 'அழகாக இல்லை' என்று அரத்தால் தேய்த்து எடுத்த கத்திகள் உண்டு. பிறகு மூடுகிற ஒவ்வொரு முறையும் கூர் போகும்.

பெரிய கம்பனிகளே மாற்றியிருக்கின்றன

பிடி மாற்றுவது ஏதோ ஒட்டுப்போடுகிற வேலை என்று நினைக்கவேண்டாம். சுவிட்சர்லாந்து இராணுவத்துச் சிப்பாய்க் கத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1890ஆம் ஆண்டு மாதிரிக்குக் கறுத்த மரப் பிடி. மரம் வெடித்துச் சிராய் கிளம்பியதால் 1908இல் அழுத்திய நார்ப் பலகைக்கு மாறினார்கள். 1961இல் அலுமினியம் வந்தது. மழையும் குளிரும் மரத்துக்கு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததா?

சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட சுவிஸ் கத்தியில் பலகைகள் ஆணி அடித்துப் பொருத்தியவை அல்ல. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளைக் குமிழ்களில் அமுக்கிப் பிடித்தவை. ஆகவே உங்கள் வீட்டுச் சிவப்புக் கத்தியின் பலகை வெடித்திருந்தால் அச்சாணியைத் தொடாமலே மாற்றலாம். சுடுதண்ணீரில் கொஞ்சம் வைத்து, மெல்லிய தகடொன்றை இடையில் விட்டு, குமிழ் உள்ள இடமாகப் பார்த்து மெதுவாக நெம்பினால் வந்துவிடும்.

பிரான்சில் சவோய் என்ற மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் செய்த கத்தி இன்னும் எளிமையானது. உருண்டை மரப் பிடியில் ஒரு வாய்க்கால் வெட்டி, உலோக வளையமும் ஆணியும் போட்டு அலகைக் கோத்தார். அது குடியானவர்களின் கத்தி. 1955இல் அலகு தானாக மடங்காமல் இருக்க, திருகினால் பூட்டுகிற இன்னொரு வளையத்தைச் சேர்த்தார்கள். அறுபத்தைந்து வருடம் விற்ற கத்தியில் அவர்கள் திருத்த நினைத்தது பிடியின் அழகை அல்ல, மடங்கும் ஆபத்தை. இதை நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டும்.

பிடிக்கு எந்த மரம்

இதில் நாம் அதிர்ஷ்டசாலிகள். மறுநடுகைக்காகப் பிடுங்கிப் போடுகிற பழைய தேயிலை அடிமரம் இருக்கிறதே, விறகுக்கு எரிக்கிறோம், அது கத்திப் பிடிக்கு அருமையான மரம். கனம், நெருக்கமான இழை, மினுக்கினால் கண்ணாடி போல வரும். ஒரு குறை: பச்சையாக வைத்துச் செய்தால் காயும்போது வெடிக்கும். கொய்யாவும் அப்படியே, உறுதியான மரம், பச்சையில் ஏமாற்றும். பலா செதுக்கச் சுலபம், நிறமும் அழகு, ஆனால் அவ்வளவு கடினமில்லை. கித்துள் மரத்தின் வெளிப்பாகம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருக்கும். பார்க்க மிக அழகு, ஆனால் சிராய் கையில் ஏறும், நன்றாக மினுக்கவேண்டும்.

தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கிற சவுக்கு வேண்டாம். மெல்லிய பலகையாகச் சீவினால் பிளந்துபோகும். அதன் தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும்.

மரத்தைக் காயவைப்பதுதான் பாதி வேலை. கட்டையை விரல் மொத்தத்துக்கு அரிந்து, இரண்டு முனையிலும் மெழுகுதிரியை உருக்கித் தடவுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் வெடிப்பு வருகிறது, மெழுகு அதைத் தடுக்கும். பிறகு காற்றுப்படுகிற நிழலிலே சில மாதம் இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டு ஒரு வாரத்தில் காயவைக்கப் பார்க்காதீர்கள். காய்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். நிறை குறைவது நின்றால் மரம் தயார். மழைக்காலத்தில் செய்தால் சற்றுப் பொறுத்துச் செய்யுங்கள்.

மரம்தான் வேண்டுமென்றில்லை. மொத்தமான பி.வி.சி. தண்ணீர்க் குழாய்த் துண்டைப் பிளந்து கொதிதண்ணீரில் போட்டால் இளகும். இடுக்கியால் எடுத்து இரண்டு பலகைக்கு நடுவே அமுக்கி ஆறவிட்டால் தட்டையான, தண்ணீருக்குப் பயப்படாத பிடிப் பலகை. ஆனால் கொதிதண்ணீர் மட்டும்தான். நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை நெஞ்சைக் கெடுக்கும். தேங்காய்ச் சிரட்டையும் ஆகும், வளைவு இருப்பதால் சிறு துண்டுகளாக ஒட்டவேண்டும். எருமைக் கொம்பு நல்லது, மினுக்கினால் கறுத்துப் பளபளக்கும், பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மரைக் கொம்பு, மான் கொம்பு, யானைத் தந்தம் என்று யாராவது கொண்டுவந்தால் கையால் தொடாதீர்கள். காட்டில் கிடந்து பொறுக்கியது என்று சொன்னாலும் வன விலங்குச் சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டி வரும்.

பிடி மாற்றும் முறை

எல்லாவற்றுக்கும் முதல் கத்தியின் கூரை மொத்த நாடாவால் சுற்றுங்கள். வேலை முடியும் வரை அதை அவிழ்க்கவேண்டாம். இந்த வேலையில் கை வெட்டுப்படுவது அநேகமாக இதைச் செய்யாததால்தான்.

பிறகு பாருங்கள்: அச்சாணி பிடிப் பலகை வழியாகப் போகிறதா, இல்லை முன்பக்கம் உலோகக் கட்டை ஒன்று இருந்து அதன் வழியாகப் போகிறதா? உலோகக் கட்டை இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பலகையைப் பிடித்திருக்கும் சிறிய ஆணிகளை மட்டும் எடுத்தால் போதும், அலகும் வில்லும் இருந்த இடத்திலே இருக்கும். மலிவான கத்திகளில் அச்சாணி பலகை வழியாகவே போகும். அப்போது எல்லாம் கழன்று வரும். கழற்ற முன் ஒரு கடதாசியில் கத்தியை வைத்துக் கோடு கீறி, ஒவ்வொரு ஆணியும் எந்த ஓட்டையில் இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆணித் தலையை அரத்தால் தேய்த்துச் சமமாக்குங்கள். பித்தளைத் தகட்டைக் கீறாமல் தேய்க்கவேண்டும். தலை போனதும், கத்தியை ஓட்டை போட்ட மரக்கட்டை மேல் வைத்து, ஆணியை விடச் சற்று மெல்லிய, நுனி தட்டையான இரும்பு ஆணியால் தட்டினால் வெளியே விழும். பலமாக அடிக்கவேண்டி வந்தால் தலை இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அர்த்தம். மறுபடி தேயுங்கள்.

பழைய பலகையை அச்சாக வைத்துப் புதுப் பலகையில் கோடு கீறுங்கள். பழையது உடைந்திருந்தால் பித்தளைத் தகடே அச்சு. கோட்டுக்கு வெளியே ஒரு நெல்மணி அளவு விட்டு வெட்டுங்கள், ஒட்டிய பிறகு தேய்த்துச் சமமாக்கலாம். கனம் 4 மில்லிமீற்றர் இருந்தால் நல்லது. ஓட்டை போடும்போது தகட்டைப் பலகையோடு சேர்த்து இறுக்கி, தகட்டின் ஓட்டை வழியாகவே துளையிடுங்கள். கண்ணால் அளந்து போட்டால் ஓட்டை விலகும். அரல்டைட் போன்ற இரண்டு குழாய்ப் பசையால் ஒட்டி ஒருநாள் முழுதும் இறுக்கி வையுங்கள். ஒட்டுகிற பக்கத்தை மினுக்கக்கூடாது, சொரசொரப்பாக இருந்தால்தான் பசை பிடிக்கும். பசை மட்டும் போதாது, ஆணியும் வேண்டும்.

கடைசியில் சேண்ட் பேப்பர், முதலில் கரடு, பிறகு நைஸ். உங்கள் கையில் பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தேயுங்கள். கடைக் கத்தி எல்லோர் கைக்கும் ஒரே அளவு. நர்சரியில் நாள் முழுக்க வெட்டுகிற பெண்களின் கை சின்னது. பிடி மொத்தமாக இருந்தால் பின்னேரம் கை கடுக்கும். அந்த அக்காமாருக்குப் பிடியை ஒடுக்கி, அடியில் சின்னவிரல் தங்க ஒரு பள்ளம் வைத்துக் கொடுத்தால் அதைவிட நல்ல காரியம் இல்லை. நிறமும் பூவேலையும் அதற்குப் பிறகு.

அலகு மாற்றுவது

கவ்வாத்துக் கத்தியின் அலகு பிடிக்குள் இறங்கி நிற்கும், அவ்வளவுதான். மடக்குக் கத்தியின் அலகு அப்படியல்ல, வில்லோடு ஜோடி சேர்த்துச் செய்தது. ஒரு கத்தியின் அலகு இன்னொரு கத்திக்குப் பொருந்த மூன்று அளவு ஒத்துப்போகவேண்டும். அச்சாணி ஓட்டையின் அகலம், அலகின் அடிப்பாகத்துக் கனம், ஓட்டையிலிருந்து வில் அழுத்துகிற தட்டை வரை உள்ள தூரம். அடிப்பாகம் அரை மில்லிமீற்றர் மாறினாலும் கத்தி முழுதாகத் திறக்காது, அல்லது திறந்து நிற்காது.

அளவுகோல் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். ஓட்டைக்குத் துளையிடும் ஊசிகளின் பின்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள். 2, 2.5, 3 மில்லிமீற்றரில் எது ஆடாமல் நுழைகிறதோ அதுவே அளவு. கனத்துக்கு இரண்டு அலகையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகத்தால் வருடினால் தெரிந்துவிடும். தூரத்துக்குத் தீப்பெட்டி அட்டையில் பழைய அலகின் அடியைக் கீறி வெட்டி, புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். ஸ்டோரில் பிட்டர் வேலை செய்கிறவர் சொந்தக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

புது அலகுக்கு என் யோசனை: அதே மாதிரிக் கத்தி இன்னொன்று உடைந்து கிடந்தால் அதிலிருந்து எடுங்கள். பிடி போன கத்தி ஒன்றும் அலகு போன கத்தி ஒன்றும் சேர்ந்தால் நல்ல கத்தி ஒன்று. பக்கத்து லயத்தில் கேட்டுப் பாருங்கள், யாராவது லாச்சியில் வைத்திருப்பார்கள். அலகு கொஞ்சம் மெல்லிதாக இருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டி இரண்டு பக்கமும் போடலாம். மொத்தமாக இருந்தால் அமுக்கித் திணிக்காதீர்கள். கல்லில் தேய்த்துத்தான் இறக்கவேண்டும்.

பழைய அரம், ஹெக்சோ பிளேட், லொறி வில் இவற்றில் அலகு செய்யலாம் என்று பலர் சொல்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் அரம் கண்ணாடி போல உடையும் எஃகு, அப்படியே தீட்டிப் போட்டால் நுனி தெறிக்கும். ஹெக்சோ பிளேட்டில் பல ரகத்துக்குப் பல் மட்டுமே கடினம், முதுகு மெது. அந்தப் பல்லைத் தேய்த்து எறிந்துவிட்டுக் கூர் வைத்தால் கூர் நிற்காது. ஒழுங்காகச் செய்வதென்றால் கம்மாலையில் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடுகாட்டிப் பதம் வைக்கவேண்டும். அது கொல்லனுடைய கை. நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று: மின்சாரச் சாணையில் அலகு நீலம் பாயும்வரை தீட்டுவது. நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி அந்த இடம் வெட்டாது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் நனையுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அலகு மாற்றுவதென்றால் நீளமாக, இரண்டு பக்கமும் கூராக, அமுக்கினால் பாய்கிற மாதிரி என்று சிலருக்கு ஆசை வருகிறது. சினிமாவில் பார்த்தது. நீளமான அலகு அதே வில்லுக்குப் பாரம், சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். அதோடு திருவிழா நாளில் இடுப்பில் அப்படி ஒன்று இருந்தால் சின்ன வாய்ச்சண்டை ஆஸ்பத்திரியில் முடியும். பொலிஸ்காரர் பையைச் சோதித்தால் நர்சரிக்கு வெட்டுகிற கத்தி என்று சொல்லவும் முடியாது. அப்படிப்பட்ட வேலைக்கு யாரும் என்னிடம் யோசனை கேட்டு வரவேண்டாம்.

அச்சாணி போடுதல்

பித்தளை அல்லது எஃகுக் கம்பி, ஓட்டையில் கையால் தள்ளினால் போகவேண்டும், ஆடக்கூடாது. சாதாரணச் சுவர் ஆணியை வெட்டிப் போடாதீர்கள், அது மெது, சீக்கிரம் தேயும். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றர் அளவு நீட்டிக்கொண்டிருக்க வெட்டி, இரும்புக் கட்டைமேல் வைத்து உருண்டை முகச் சுத்தியலால் தட்டவேண்டும். ஓங்கி அடிப்பதல்ல. சிறு சிறு தட்டு, சுற்றிச் சுற்றி, ஒரு பக்கம் பத்து, திருப்பி மறுபக்கம் பத்து. ஆணித் தலை காளான் போல விரியும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அதிகம் தட்டினால் அலகு இறுகித் திறக்க முடியாது, நகம் உடையும். குறைவாகத் தட்டினால் ஆடும். இதற்கு ஒரு பழைய வித்தை: தட்டுவதற்கு முன் அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே எண்ணெய் தடவிய ஒரு மெல்லிய கடதாசித் துண்டை வையுங்கள். தட்டி இறுகிய பின் கடதாசியை உருவி எடுத்தால் அந்த அளவு இடைவெளி மிஞ்சும். அலகு வழுக்கிக்கொண்டு திறக்கும்.

இனிச் சோதனை. கத்தியைத் திறந்து அலகை இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய ஆடினால் அது இன்னும் கத்தி அல்ல. பிறகு அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அமுக்குங்கள், உங்கள் விரல் கூரின் பாதையில் இல்லாதபடி. சின்ன அமுக்கத்துக்கே மடங்கினால் வில் களைத்துவிட்டது. அதை எத்தனை அழகான பிடி போட்டாலும் வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். சோதனையில் தேறினால் ஐம்பது முறை திறந்து மூடி, மறுபடி அசைத்துப் பாருங்கள். அதன் பிறகு நாடாவை அவிழ்க்கலாம்.

கை வெட்டுப்பட்டால்

கோப்பித் தூள், சாம்பல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திக்கொள்ளுங்கள். இரத்தம் நின்றதும் விரலின் ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு மூட்டாவது மடங்காவிட்டால், அல்லது விரல் நுனி மரத்திருந்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். அதற்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மேல்தோலைத் தைத்தால் போதாது. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாட்கள் போனால் நார் உள்ளே சுருங்கி, பிறகு சேர்ப்பது கஷ்டம். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் சொல்லுங்கள்.

எண்ணெயும் துருவும்

கார்பன் எஃகு அலகில் தேயிலைச் சாறு பட்டால் கறுக்கும். கொழுந்திலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை போல ஆகிறது. அது துரு அல்ல, பயப்படவேண்டாம், ஈரத்தை மட்டும் துடையுங்கள். செம்மஞ்சளாக வருவதுதான் துரு. அதற்கு எண்ணெய் வேண்டும், ஆனால் தேங்காயெண்ணெய் வேண்டாம். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அது உறைந்து கட்டியாகி, பிறகு பசை போலாகி அச்சாணிக்குள் தூசியைப் பிடித்து வைக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு அச்சாணியில், ஒரு சொட்டு வில்லில், மாதம் ஒருமுறை போதும். மரப் பிடிக்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து ஒரு நாள் ஆறவிடுங்கள். எண்ணெய் ஊறிய அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.